அப்பப்பாவின் மொறிஸ் மைனர்: சைட் வால்வ் எஞ்சினைத் திருத்துவதா, தூக்கி எறிவதா?

தம்பி, உம்முடைய கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கொக்குவிலில் அப்பப்பாவின் 1950 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர், 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு கொட்டிலுக்குள் விட்டது விட்டபடி, எஞ்சின் இறுகிப்போய் ஹாண்டில் அசையவில்லை. பார்த்த இரண்டு மெக்கானிக்மாரும் "இந்தச் சைட் வால்வை இரும்புக்குப் போட்டுவிட்டு ஜப்பான் எஞ்சின் ஒன்றை ஏற்றுங்கோ" என்கிறார்கள். கனடாவில் இருக்கிற அண்ணன் காசு அனுப்பத் தயார், தங்கச்சியின் கலியாணத்துக்குப் பொம்பிளை அந்தக் காரில்தான் வரவேண்டும் என்று அவருக்கு ஆசை. என்ன செய்வது என்று கேட்கிறீர்.

என் பதில்: எஞ்சினைத் திறந்து அளந்து பார்க்கும்வரை ஒரு முடிவும் எடுக்க வேண்டாம். அந்த இருவரும் பொனட்டைத் திறந்து பார்த்தார்களே தவிர ஒரு நட்டையாவது கழற்றினார்களா? இல்லை என்றுதான் நீர் எழுதியதில் இருந்து விளங்குகிறது. எஞ்சினின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றாமல் எஞ்சின் செத்துவிட்டது என்று சொல்லுகிறவர் நாடி பிடிக்காமல் மருந்து எழுதுகிற வைத்தியர் மாதிரி.

முதலில் அது உண்மையிலேயே சைட் வால்வ்தானா என்று பாரும். யாழ்ப்பாணத்தில் பழைய கார் என்றால் ஒஸ்ரின் ஏ40 சமர்செற், கேம்பிறிஜ், மொறிஸ் ஒக்ஸ்போட், மைனர் எல்லாவற்றையும் ஒரே கடகத்துக்குள் போட்டுத்தான் கதைப்பார்கள். ஆனால் ஏ40 இல் வால்வு மேலே, ஹெட்டுக்குள் இருக்கிறது. மைனரில் 1948 இல் இருந்து 1953 தொடக்கம்வரை வந்தது 918 சிசி சைட் வால்வ். 1952 இல் ஒஸ்ரினும் மொறிசும் ஒன்றாகிய பிறகு படிப்படியாக 803 சிசி ஏ சீரீஸ் எஞ்சின் வந்தது, அது மேல் வால்வு. உம்முடைய கார் 1950 என்றாலும் இடையில் யாராவது எஞ்சினை மாற்றியிருக்கலாம், அந்தக் காலத்திலும் மாற்றினார்கள். பார்க்கிற விதம் லேசு: எஞ்சினின் உச்சியில் தகர மூடி, அதாவது றொக்கர் கவர் இருந்தால் மேல் வால்வு. ஒன்றுமில்லாமல் தட்டையான இரும்புப் பலகை மாதிரி ஒரு ஹெட், அதில் நான்கு பிளக்கும் கனக்க நட்டுகளும் மட்டும் தெரிந்தால் சைட் வால்வ். இதனால்தான் அமெரிக்கக்காரர் இதைத் தட்டைத்தலை என்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் 1932 இல் வந்த ஃபோர்ட் வி8 தான் ஞாபகம் வரும். எங்களுக்கு மைனர், 1954 க்கு முந்தின ஹில்மன் மிங்ஸ், ஃபோர்ட் பிரிஃபெக்ற், ஒஸ்ரின் 8.

இந்த எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளொக்கிலேயே, அதாவது சிலிண்டர்கள் இருக்கிற இரும்பு வார்ப்பிலேயே, நிமிர்ந்து நிற்கின்றன. கீழே கேம், அதன்மேல் டாப்பெட், அதன்மேல் வால்வு, அவ்வளவுதான். நீண்ட கம்பியோ றொக்கரோ கிடையாது. ஆகவே உடைவதற்குச் சாமான் குறைவு. ஆனால் காற்று பக்கத்தில் இருந்து ஏறி, வளைந்து சிலிண்டருக்குள் இறங்கவேண்டும், பிறகு அதே மாதிரி வளைந்து வெளியேற வேண்டும், அதனால் மூச்சு குறைவு. 918 சிசிக்கு 27 குதிரைவலு சொச்சம்தான், கொம்பிரெஷன் ஆறரைக்குக் கொஞ்சம் மேலே. இன்னொரு விஷயம், இதுதான் முக்கியம்: சூடான புகை வெளியேறும் வழி பிளொக்குக்குள்ளாலேயே போகிறது. மேல் வால்வு எஞ்சினில் அந்தச் சூடு ஹெட்டோடு முடிந்துவிடும், ஹெட் வெடித்தால் வேறு ஹெட் தேடலாம். இதில் சூட்டைப் பிளொக்தான் தாங்கவேண்டும், பிளொக் வெடித்தால் கதை வேறு. கீழே நான் சொல்லுவதில் பாதி இந்த ஒரு காரணத்தால் வருவதுதான்.

27 குதிரைவலு போதுமா என்று கேட்பீர். ஹற்றனுக்கோ நுவரெலியாவுக்கோ ஏறப்போகிறீரா? குடாநாட்டில் மலை என்று பெயர் வைத்த கீரிமலையிலேயே மலை இல்லை. எட்டு நூறு கிலோவுக்குக் கிட்டத்தட்ட வருகிற கார், சமதரை, பண்ணைப் பாலத்தில் எதிர்க்காற்று அடித்தால் கொஞ்சம் முனகும், அவ்வளவுதான். புதிதாக இருந்தபோது மணிக்கு நூறு கிலோமீற்றர் ஓடின கார் இது.

சரி, உம்முடைய எஞ்சினுக்கு என்ன நடந்திருக்கும்? 90 களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே ஓடின எல்லாக் காரையும் போல அதுவும் மண்ணெண்ணெயில் ஓடியிருக்கும். அந்தக் காலம் உமக்குத் தெரிந்திராது. பெற்றோல் தங்கம் மாதிரி, சின்னப் போத்தலில் கொஞ்சம் வைத்து, காபரேற்றர் வாயில் நாலு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வெள்ளைப் புகையும் அந்த மணமும் வீதி முழுக்க இருக்கும். அதற்குச் சைட் வால்வ் எஞ்சின் நல்லாகவே ஒத்துழைத்தது, கொம்பிரெஷன் குறைவு என்பதால் தட்டாமல் ஓடும். ஆனால் முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே ஒயில் தேங்கி நிற்கிற சம்புக்குள் இறங்கும். ஒயில் அளவுகோலைப் பார்த்தால் மட்டம் குறையாது, கூடியிருக்கும். "எங்கட கார் ஒயில் குடிக்கிறதே இல்லை" என்று அந்த நாளில் பெருமைப்பட்ட ஒரு மாமா எங்கள் ஒழுங்கையில் இருந்தார். ஒயில் அல்ல, பாதிக்குப் பாதி மண்ணெண்ணெய் என்று கிராங்க் பெயாரிங் தட்டத் தொடங்கினபோதுதான் அவருக்கு விளங்கியது. ஆகவே உம்முடைய சம்பைத் திறந்து வருவதை ஒரு வெள்ளைப் போத்தலில் பிடித்து வையும். தண்ணீர் மாதிரி ஓடினால், மணந்து பார்த்தால் மண்ணெண்ணெய் மணம் வந்தால், பெயாரிங்கை எதிர்பார்த்துக்கொள்ளும். அடியில் தண்ணீர் பிரிந்து நின்றால் வெடிப்பை எதிர்பார்த்துக்கொள்ளும்.

இறுகின எஞ்சின் என்றால் எல்லாரும் சொல்லுவது பிளக் ஓட்டைக்குள்ளால் எண்ணெய் விட்டு ஊறப்போடு என்று. மேல் வால்வு எஞ்சினுக்கு அது சரி. சைட் வால்வில் பிளக் பெரும்பாலும் வால்வுக்கு மேலேதான் நிற்கிறது. ஒரு வால்வு திறந்தபடி நின்றால் நீர் விடுகிற எண்ணெய் சிலிண்டருக்குப் போகாமல் சைலன்சர் குழாய்க்குள் போய்ச் சேரும், பிறகு நீர் ஒரு கிழமையாகக் காத்திருப்பது ஒன்றுமில்லாததற்கு. ஆகவே இந்த எஞ்சினில் முதலில் ஹெட்டையே கழற்றிவிடும். அதில் வால்வோ றொக்கரோ இல்லை, வெறும் மூடிதான், நட்டுகளைக் கழற்றினால் வரவேண்டும். வரவேண்டும், ஆனால் வராது. ஸ்டட்டுகள் தண்ணீர் அறைக்குள்ளால் போவதால் எழுபது வருடத்துக் கறளில் ஹெட்டோடு ஒட்டிப்போய் இருக்கும். ஒவ்வொரு ஸ்டட்டின் அடியிலும் கறள் இளக்கி விட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் திரும்பவும் விட்டு, மரச்சுத்தியலால் பக்கவாட்டில் தட்டி, பொறுமையாக இரும். ஓடுகிற எஞ்சினாக இருந்தால் நட்டுகளை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு ஹாண்டிலால் சுற்ற, உள்ளே எழும்பும் அழுத்தமே ஹெட்டைக் கிளப்பிவிடும், உம்முடையது இறுகியிருப்பதால் அந்த வழி இல்லை. என்ன வந்தாலும் ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவில் ஸ்குரூட்றைவரை அடித்து ஏற்ற வேண்டாம். அந்தக் கீறல் பிறகு கஸ்கட் எத்தனை மாற்றினாலும் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

ஹெட் வந்ததும் நான்கு பிஸ்டனும் எட்டு வால்வும் கண்முன்னால் கிடக்கும். இப்போது ஊறப்போடும்: கியர் ஒயிலும் தின்னரும் பாதிக்குப் பாதி, அல்லது கடையில் விற்கிற கறள் இளக்கி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு விரல் உயரத்துக்கு. தின்னர் விட்டால் கிட்டத்தில் பீடி சிகரட் வேண்டாம். எந்தச் சிலிண்டரில் மட்டம் இறங்கவில்லையோ அதுதான் இறுகின சிலிண்டர். ஒரு கிழமையின் பின், நடு உயரத்தில் நிற்கிற பிஸ்டன்களின் தலையில் வேப்பங்கட்டை ஒன்றை வைத்து மெல்லத் தட்டும், உச்சியில் அல்லது அடியில் நிற்கிறதைத் தட்டிப் பிரயோசனம் இல்லை. அசைந்தால் அங்கும் இங்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டும். காரைக் கியரில் போட்டு இன்னொரு வாகனத்தால் இழுக்கிற வேலை மட்டும் வேண்டாம், ரிங் உடையும், சில வேளை பிஸ்டனே கிழியும். வால்வுகள் திறந்தபடி இறுகியிருந்தால் பயப்படாதேயும், சைட் வால்வில் வால்வு பிஸ்டனோடு முட்டவே முட்டாது, அது வேறு வீடு, இது வேறு வீடு.

இப்போது முடிவு எடுக்கிற இடத்துக்கு வந்துவிட்டோம். வயர் பிரஷால் மேல்தளத்தைத் துப்புரவாக்கி, புகை வால்வு இருக்கைக்கும் சிலிண்டர் வாய்க்கும் இடையில் இருக்கிற ஒடுங்கின பாலத்தை வெளிச்சம் பிடித்துப் பாரும். வெடிப்பு வருவது அங்கேதான். மயிர் மாதிரி ஒரு கோடு தெரிந்தால், மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சோக்குத் தூள் பூசி அரை மணித்தியாலம் விடும். வெடிப்பு இருந்தால் தூளில் ஈரக்கோடு எழுந்து வரும். வால்வு இருக்கைக்குள்ளேயே நின்றுவிடுகிற சின்னக் கோட்டை வளையம் இறக்கிச் சரிக்கட்டலாம். சிலிண்டர் சுவருக்குள் இறங்கியிருந்தால் ஸ்லீவ், அதாவது உள்ளே இரும்புக் குழாய் ஒன்று, போட்டுப் பார்க்கலாம். இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் அறைவரை போயிருந்தால், அந்தப் பிளொக்கை மறந்துவிடும். நான் எஞ்சினை மாற்றச் சொல்லுவது இந்த ஒரு நிலையில்தான்.

வெடிப்பு ஏன் வருகிறது? சூட்டால். சூடு ஏன்? எங்கள் தண்ணீரால். யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணக்கல், கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதை நீர் வீட்டில் பார்த்திருப்பீர். அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் அப்பப்பாவும் அவருக்குப் பிறகு ஓடினவர்களும் றேடியேற்றருக்குள் விட்டிருப்பார்கள். சில வருடங்களுக்கு முன் மானிப்பாயில் ஒரு 918 பிளொக்கின் பக்கவாட்டுத் தண்ணீர் பிளக்குகளைத் தட்டி எடுத்தேன். முன் இரண்டும் பரவாயில்லை. நான்காவது சிலிண்டருக்குப் பின்னால் விரலை விட்டால் விரல் போகவில்லை. வளைத்த கம்பியால் சுரண்டச் சுரண்ட முட்டைக்கோது மாதிரித் தகடு தகடாக, இடையில் செங்கட்டி நிறத்தில் கறள் சேறு, ஒரு பால்மாப் பேணி நிறைய வந்தது. அந்தக் காரை வைத்திருந்தவர் இரண்டு வருடமாக றேடியேற்றரைத்தான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

மைனரில் இன்னொரு சங்கதி. ஆரம்ப கால 918 எஞ்சினில் தண்ணீர்ப் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி, றேடியேற்றருக்குள் ஆறி, தானாகக் கீழே இறங்குகிற முறை. 1950 இல்தான் பம்ப் வந்தது, ஆகவே உம்முடையதில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால்தான் தெரியும். பம்ப் இல்லாத எஞ்சினில் தண்ணீர் மட்டம் மேல் குழாய் வாய்க்குக் கீழே இறங்கின கணமே சுற்று நின்றுவிடும், உள்ளே முக்கால்வாசித் தண்ணீர் இருந்தாலும் இல்லாததற்குச் சமம். இதற்குள் சுண்ணாம்பும் அடைத்தால் பிளொக் வெடிக்காமல் என்ன செய்யும்? ஆகவே எல்லாப் பிளக்கையும் கழற்றி, சுரண்டி, சித்திரிக் அமிலத்தைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊறவிட்டு, கழுவி, திரும்பவும் செய்யும். பூட்டின பிறகு கிணற்றுத் தண்ணீர் ஒரு சிரட்டை கூட விட வேண்டாம். பற்றறிக்கு விடுகிற தண்ணீரோடு கூலன்ற் கலந்து விடும். ஐப்பசி கார்த்திகை மழைத் தண்ணீரைக் கூரையில் இருந்து துப்புரவாகப் பிடித்து வைத்தாலும் சரி.

பிளொக் தப்பியிருந்தால் அடுத்தது போர். (போர் என்றால் இங்கே சிலிண்டர் துளை, மற்றதை நாங்கள் பார்த்து முடித்துவிட்டோம்.) இந்த எஞ்சினின் துளை 57 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடுகிற தூரம் 90. மெலிந்த நெட்டையன். வாயில் நகத்தை வைத்துக் கீழே இழுத்தால், மேல் ரிங் நிற்கிற இடத்தில் ஒரு படி தட்டுப்படும். அந்தப் படிக்குச் சற்றுக் கீழேதான் தேய்வு ஆகக் கூட. டயல் கேஜால் அங்கே இரண்டு திசையிலும், பிறகு நடுவிலும் அடியிலும் அளந்து, நான்கு சிலிண்டருக்கும் எழுதி வையும். வேறுபாடு நாலைந்து தௌ என்றால் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் லேத்காரர் தௌ என்பார்கள்) ரிங் மட்டும் மாற்றிப் படியைத் தட்டிவிட்டு ஓடலாம். எட்டுப் பத்து என்றால் போர் பண்ணத்தான் வேண்டும். பத்து, இருபது, முப்பது, நாற்பது தௌ பெரிதான பிஸ்டன்கள், ஓவர்சைஸ் என்று உண்டு. நாற்பது போனால் துளை 58 மில்லிமீற்றர் ஆகிவிடும். அதற்கு முன் யாராவது நாற்பது போயிருந்தால், பிஸ்டன் தலையில் அடித்திருக்கிற இலக்கத்தைப் பார்த்தால் தெரியும், ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரவேண்டும்.

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். என் சொந்தக் காருக்கு முப்பது ஓவர்சைஸ் பிஸ்டன் வருகிறது என்று கடைக்காரர் தொலைபேசியில் சொன்னார். அந்தத் துணிவில் பிளொக்கை லேத்துக்குக் கொடுத்து முப்பதுக்குப் போர் பண்ணிப்போட்டேன். வந்தது இருபது. முப்பது எங்கேயும் இல்லை. கடைசியில் நான்கு ஸ்லீவும் இறக்கி, செய்த வேலைக்கு மேல் இன்னொரு வேலை. கடையின் பெயரும் வேண்டாம், லேத்தின் பெயரும் வேண்டாம், பிழை என்னுடையதுதான்: பிஸ்டன் கையில் வராமல் பிளொக்கைக் கொடுக்கக்கூடாது. பிஸ்டனைக் கையில் கொடுத்து, அதை அளந்துதான் துளையைப் போர் பண்ணவேண்டும், பெட்டியில் எழுதியிருக்கிற இலக்கத்தை நம்பியல்ல. ரிங்கைத் துளைக்குள் நேராக வைத்து முனை இடைவெளியையும் பாரும், துளையின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் மூன்று நான்கு தௌ, அதாவது உமக்கு ஏழில் இருந்து ஒன்பது.

கிராங்க் பற்றிக் கனக்கச் சொல்லவில்லை. யுத்தத்துக்கு முந்தின, அதாவது இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தின எஞ்சின்களில் வெள்ளை உலோகத்தை உருக்கி வார்த்த பெயாரிங், பிறகு வந்தவற்றில் மாற்றக்கூடிய மெல்லிய ஷெல். திறந்ததும் எது என்று தெரியும். ஷெல் என்றால் கிராங்கை அரைத்து அளவுக்கு ஷெல் எடுக்கலாம். வார்ப்பு என்றால் அந்த வேலை தெரிந்த ஒரு கிழவரைக் கொழும்பிலாவது தேடிப்பிடிக்கவேண்டும், இளம் ஆட்கள் யாரும் பழகவில்லை.

வால்வு வேலை சைட் வால்வில் ஒரு சுகம், காரில் இருந்து எஞ்சினை இறக்காமலே செய்யலாம். பக்கவாட்டு மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்குகளும் டாப்பெட்டுகளும் வரிசையாகத் தெரியும். ஸ்பிரிங்கை நெருக்கி, அதை வால்வோடு பூட்டி வைத்திருக்கிற கொட்டரைக் கழற்ற முதல், அந்த அறையின் அடியில் இருக்கிற ஒயில் ஓட்டைகளைப் பழந்துணியால் அடைத்துவிடும். அடைக்காவிட்டால் ஒரு நெல் அளவு கொட்டர் விரலில் இருந்து வழுக்கி, டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டு சம்புக்குள் போகும், அதற்காகச் சம்பைக் கழற்றவேண்டி வரும். நான் ஒரு தரம் அல்ல, இரண்டு தரம் கழற்றியிருக்கிறேன். பிறகு வால்வு அரைக்கிற பேஸ்ட் தடவி, ரப்பர் வாய்க் கம்பை வால்வின் தலையில் ஒட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவில் மத்தால் தயிர் கடைகிற மாதிரி உருட்டும், இடைக்கிடை தூக்கி இடம் மாற்றி வைக்கவேண்டும். சாம்பல் நிறத்தில் அறாத ஒரு வளையம் தெரிந்தால் போதும். வால்வை மூடி மேலே கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, கீழே புகைவழியில் ஈரம் வருகிறதா என்று பத்து நிமிடம் பாரும்.

இலங்கையில் 2002 இல் ஈயப் பெற்றோல் நின்றது. ஈயம்தான் இந்தப் புகை வால்வு இருக்கைகளுக்குக் கவசமாக இருந்தது, இருக்கை பிளொக்கின் சாதாரண இரும்பிலேயே வெட்டினது. அதனால் எல்லா எஞ்சினுக்கும் கடின வளையம் இறக்கவேண்டும் என்று சிலர் சொல்லுகிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கலியாணத்துக்கும் கோவிலுக்கும் மெல்ல ஓடுகிற காருக்கு இருக்கை தேய வருடக்கணக்கு எடுக்கும். வளையத்துக்குத் துளை வெட்டும்போது, ஏற்கனவே ஒடுங்கின அந்தப் பாலம் இன்னும் ஒடுங்கும், கை தவறினால் தண்ணீர் அறைக்குள் போய்விடும். இருக்கை உண்மையிலேயே குழி விழுந்திருந்தால் மட்டும் செய்யும், அதுவும் புகை வால்வுக்கு மட்டும். பெற்றோலில் ஒக்ரேன் 92 தாராளம், 95 விடுவது காசைக் கரியாக்குகிற வேலை. ஹெட் வளைந்திருந்தால் சீவலாம், ஆனால் கனக்கச் சீவினால் திறக்கிற வால்வு ஹெட்டில் முட்டும், மேல் வால்வில் இல்லாத ஆபத்து இது. டாப்பெட் இடைவெளி சின்ன மெல்லிய ஸ்பானர் இரண்டால் செட் பண்ணுகிறது, இதற்காக மொறிஸ்காரருக்கு நன்றி சொல்லும். பிரிஃபெக்றில் அந்த வசதி இல்லை, வால்வுக் காம்பையே அரைத்துத்தான் இடைவெளி வைக்கவேண்டும்.

இனி எஞ்சின் மாற்றுகிற கதை. பிளொக் தப்பவில்லை என்று வைப்போம். மைனரின் எஞ்சின் அறை தாராளமான அகலம், வடிவமைத்த இசிகோனிஸ் படுக்கை வசத்தில் நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைப் போட நினைத்துத்தான் அப்படி இடம் விட்டார், பிறகுதான் பழைய மொறிஸ் எட்டின் எஞ்சின் அதற்குள் போனது. அந்த அகலத்தைப் பார்த்துத்தான் எல்லாருக்கும் ஆசை வருகிறது. நிசான் ஏ12, டொயோட்டா 4கே, எதுவும் போகும். போகும் என்பதும் பொருந்தும் என்பதும் வேறு. எஞ்சின் தாங்கி, கியர்பொக்ஸ் தாங்குகிற குறுக்குச் சட்டம், நடு டனல், புறொப்பெலர் ஷாஃப்ற், சைலன்சர், வயர் எல்லாம் மாறவேண்டும். உம்முடைய காரில் பற்றறியின் நேர்முனைதான் பொடியோடு இணைந்திருக்கும், ஜப்பான் எஞ்சினின் ஒல்ரனேற்றரை அப்படியே பூட்டினால் அந்த நிமிடமே எரியும். பிரேக் ஏழு அங்குல டிரம், 27 குதிரைவலுவுக்கு அளந்து போட்டது. 1098 சிசி எஞ்சின் 48 குதிரைவலுவோடு 1962 இல் வந்தபோது கம்பனியே முன் டிரம்மை எட்டு அங்குலமாக்கியது. அதற்கும் மேலே எழுபது குதிரைவலுவை ஏழு அங்குலத்தை நம்பி ஓட்டப்போகிறீரா, அதுவும் பொம்பிளையை ஏற்றிக்கொண்டு?

மாற்றத்தான் வேண்டும் என்றால் 948 அல்லது 1098 ஏ சீரீஸைத் தேடும், கியர்பொக்ஸோடும் அதன் குறுக்குச் சட்டத்தோடும் சேர்த்து. அது பிந்தின மைனரின் சொந்த எஞ்சின், சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் கிடைக்கும், இங்கிலாந்தில் இருந்தும் வரும். 918 க்கு அப்படி இல்லை, பிஸ்டனும் கஸ்கட்டும் இங்கிலாந்தில் தேடித்தான் எடுக்கவேண்டும், அண்ணனின் காசு அங்கேதான் உதவும். எதை மாற்றினாலும் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதையும் மாற்றவேண்டும். ஸ்ரீ எழுத்து வர முதல் பதிந்த, ஆங்கில எழுத்துப் பலகை உள்ள கார் உம்முடையது. அதன் இலக்கமும் எஞ்சினும் இன்னும் பொருந்தி நின்றால் அதற்கொரு மதிப்பு இருக்கிறது. பழைய எஞ்சினை என்ன விலை சொன்னாலும் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க வேண்டாம், எண்ணெய் பூசிக் கொட்டிலின் மூலையில் வையும்.

பூட்டி முடித்தால், ஹெட் நட்டுகளை நடுவில் இருந்து வெளியே, மூன்று தவணையாக இறுக்கி, ஒரு தரம் சூடேறி ஆறின பிறகு திரும்பவும் இறுக்கும். பிளக் நான்கையும் கழற்றிவிட்டு ஒயில் அழுத்தம் வரும்வரை சுற்றி, பிறகுதான் ஸ்ராட் பண்ணவேண்டும். முதல் எண்ணூறு கிலோமீற்றர் மணிக்கு ஐம்பதுக்கு மேல் வேண்டாம். காங்கேசன்துறை வீதியில் விடிய வெள்ளன போய் வாரும், நல்ல ஓட்டம். இடையில் ஒரு நாள் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்ப ஸ்ராட் வராவிட்டால் பதற வேண்டாம், காபரேற்றர் புகைக் குழாயின் தலைமேல் குந்தியிருப்பதால் பெற்றோல் ஆவியாகியிருக்கும், கால் மணித்தியாலம் பொனட்டைத் திறந்து விட்டால் வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தகட்டை மறைப்பாகப் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

கலியாண நாளில் நான் பயப்படுவது வேகத்துக்கு அல்ல, ஊர்வலத்துக்குத்தான். நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடை வேகத்தில், பன்னிரண்டு மணி வெயிலில், உம்முடையது பம்ப் இல்லாத எஞ்சினாக இருந்தால், மெல்லச் சுற்றுகிற விசிறியோடு, அரை மணித்தியாலம் தாங்குமா என்று சத்தியமாகச் சொல்லமாட்டேன். ஊர்வலம் வேண்டும் என்றால் விடியப்புறம் வையுங்கோ, அல்லது ஒழுங்கை முகப்பில் இருந்து மண்டபம் மட்டும் ஓடுங்கோ, முதல்நாள் ஒரு தரம் அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்துத் தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கோ.

அண்ணனை இப்போதைக்குக் காசு அனுப்ப வேண்டாம் என்று சொல்லும். இந்தக் கிழமை கறள் இளக்கி ஒரு பேணியும், மரச்சுத்தியலும், நல்ல ரோர்ச் லைற்றும் வாங்கும். ஹெட் வந்ததும் புகை வால்வுப் பக்கத்துப் பாலம் நான்கையும் வெளிச்சம் பிடித்துப் படம் எடுத்து, துளை அளவுகளோடு அனுப்பும், பார்த்துச் சொல்லுகிறேன்.